தீயின்றி இணையும் குழாய்கள்

குழாயைத் திறந்தால் நீர் வருகிறது. அந்நீர் நம்மிடம் வந்து சேருமுன் எத்தனை மூட்டுகளைக் கடந்து வருகிறது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. குழாய்களில் பெரும்பாலும் கசிவது மூட்டுதான். ஆகவே, குழாய்த் தொழிலின் திறமெல்லாம் மூட்டிலேயே அடங்கியிருக்கிறது எனலாம். இன்று வழங்கும் மூட்டுகளுள் ஒன்றாகிய அழுத்து மூட்டைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன்.

செப்புக் குழாய்களை இணைப்பதற்கு நெடுங்காலமாகத் தீயே துணையாக இருந்தது. குழாயைச் சூடேற்றி, உருகிய பற்றாசை இடுக்கில் ஓடவிட்டு ஆறவைப்பர். காரீயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசே முன்பு பெருவழக்கு. காரீயம் குடிநீரில் கலந்து உடலுக்குத் தீங்கு செய்வதால், குடிநீர்க் குழாய்களில் அத்தகைய பற்றாசை 1986ஆம் ஆண்டில் அமெரிக்கச் சட்டம் விலக்கியது. காரீயம் இல்லாத பற்றாசு வந்த பின்னரும் இரண்டு இடர்கள் நீங்கவில்லை. ஒன்று, மரச்சட்டங்களுக்கு அருகிலும் தீயைப் பிடிக்க வேண்டியிருத்தல். மற்றொன்று, குழாயினுள் எஞ்சிய நீர். அது வெப்பத்தை உறிஞ்சி ஆவியாகும்; பற்றாசு சரிவரப் பிடிக்காது.

அழுத்து மூட்டு இவ்விரண்டு இடர்களையும் தவிர்க்கிறது. இணைப்புத் துண்டின் வாயருகே ஒரு பள்ளம் இருக்கும். அதனுள் ஒரு ரப்பர் வளையம். டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய நீல்ஸ் கிறிஸ்டென்சன் இத்தகைய வளையத்திற்கு 1939இல் காப்புரிமை பெற்றார். குழாயைத் துண்டினுள் செருகி, கருவியின் தாடைகளால் கவ்வி அழுத்துகிறோம். இக்கருவிகளுள் பெரியவை ஏறத்தாழ மூன்று டன் எடைக்கு ஒப்பான விசையைச் செலுத்துகின்றன. துண்டின் உலோகம் நசுங்கிக் குழாயைப் பற்றிக்கொள்கிறது. வளையம் நெருக்குண்டு இடைவெளியை அடைக்கிறது. நீரைத் தடுப்பது ரப்பர்; குழாய் கழலாமல் காப்பது உலோகம். இவ்வாறு இரண்டு பொருள்கள் இரண்டு கடமைகளைப் பகிர்ந்துகொள்கின்றன.

அழுத்துதல் சில நொடிகளில் முடியும். ஆனால், அதற்கு முந்திய வேலையில்தான் கவனம் வேண்டும். குழாயை நேராக வெட்ட வேண்டும். வெட்டு வாயில் பிசிறு நின்றால் அது வளையத்தைக் கீறிவிடும்; ஆகவே உள்ளும் புறமும் அதனை நீக்க வேண்டும். எவ்வளவு ஆழம் செருக வேண்டும் என்பதைக் குழாயின்மேல் கோடிட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். எளிதில் நுழையட்டும் என்று எண்ணெய் தடவலாகாது. நீர்க் குழாய்களில் பெரிதும் பயன்படும் ரப்பர் வளையம் எண்ணெய் பட்டால் ஊதிக் கெடும். அழுத்திய மூட்டைப் பிரித்து மீண்டும் பயன்படுத்தவும் இயலாது, வெட்டியெறிய வேண்டியதுதான்.

இம்முறையில் மறதியே பெரும்பகை. செருகிய மூட்டு ஒன்றை அழுத்த மறந்துவிட்டாலும், வளையத்தின் இறுக்கத்தால் அது சில நாள் சொட்டாமல் நிற்கக்கூடும். பின்னர், சுவர் பூசி வண்ணமும் அடித்த பிறகு, நீரழுத்தம் மிகும் ஒருநாளில் கழன்று வீட்டை வெள்ளமாக்கும். இதனை உணர்ந்த சில உற்பத்தியாளர்கள், அழுத்தாத மூட்டு சோதனையின்போதே கசியுமாறு துண்டுகளை அமைத்துள்ளனர். கசிவைத் தடுக்கப் பிறந்த பொருளுக்குக் கசியவும் கற்றுக்கொடுத்தது நுட்பமான அறிவன்றோ!

ஆயினும், அக்கசிவைக் காணக் கண் வேண்டும். சுவரை மூடுமுன் நீரை ஏற்றி, ஒவ்வொரு மூட்டாகப் பார்த்த பின்னரே வேலை முடிந்ததாகக் கொள்ள வேண்டும். கருவி உழைப்பைக் குறைக்கும். பொறுப்பைக் குறைப்பதில்லை என்பதே என் கருத்து.