தைப்பிங்கில் மழை எத்தனை மணிக்கு?

நாளை தைப்பிங்கில் மழை பெய்யுமா என்று யாராவது கேட்டால், வானத்தை அண்ணாந்து பார்க்காமலே "பெய்யும்" என்று சொல்லிவிடலாம். பெரும்பாலும் தப்பாது. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர் மழை வாங்கும் ஊர் அது. ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு லிட்டர் தண்ணீர். அந்தக் கணக்கில் அங்கே ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஆண்டுக்கு 4 டன் தண்ணீர் விழுகிறது. சென்னையில் விழுவது சுமார் 1,400 மில்லிமீட்டர். அதே பேராக்கில், தைப்பிங்கிலிருந்து நேர்கோட்டில் 70 கிலோமீட்டர் தெற்கே இருக்கும் சித்தியவானுக்கு 2,000 கூடக் கிடைப்பதில்லை. ஒரே மாநிலம், ஒரே கடற்கரை. மழை மட்டும் பாதிக்குப் பாதி.

ஈயச் சுரங்கக் காலத்தில் தைப்பிங்வாசிகள் மழையை வைத்துப் பந்தயம் கட்டினார்கள் என்று ஊரில் இன்றும் சொல்வார்கள். மழைச் சூதாட்டம் பேராக்கின் தனிச்சொத்து அல்ல. கல்கத்தா பர்ரா பஜாரில் அது கட்டுக்கடங்காமல் போய், 1897-இல் வங்காள அரசு தனிச் சட்டமே போட்டுத் தடுத்தது. ஆனால் தைப்பிங்கில் "பெய்யுமா" என்று பந்தயம் கட்டினால் சுவாரசியம் ஏது? "எத்தனை மணிக்கு" என்பதில்தான் பணம் கைமாறும். வானிலை ஆய்வாளர்களும் ஏறக்குறைய இப்படித்தான் யோசிக்கிறார்கள். ஒரு முன்கணிப்பு திறமையானதா என்று பார்க்க, கருவி எதுவும் இல்லாமல் ஊர் வழக்கத்தை மட்டும் வைத்துச் சொல்லும் ஊகத்தோடு அதை ஒப்பிடுவார்கள். அந்த ஊகத்தை வெல்லாத கணிப்பு, எத்தனை தடவை பலித்தாலும், கணக்கில் சேராது. தைப்பிங்குக்கு "நாளை மழை" என்று சொல்வது அந்த வகை. நேரமும் இடமும் சொன்னால்தான் பயன்.

இவ்வளவு மழைக்கும் ஊரிலுள்ள ஏரிதான் காரணம் என்று சுற்றுலா வருகிறவர்கள் நினைக்கிறார்கள். உள்ளூரிலும் சிலர் அப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். தைப்பிங் ஏரிகள் இயற்கையானவை அல்ல. ஈயம் தோண்டிக் கைவிட்ட பள்ளங்களில் நீர் தேங்கி நின்றது; 1880களில் அதைப் பூங்காவாக்கினார்கள். பூங்கா முழுவதையும் சேர்த்தாலே 70 ஹெக்டேர் தேறாது. அந்தச் சிறு நீர்ப்பரப்பால் விடியற்காலையில் கொஞ்சம் பனிமூட்டம் போட முடியும், அவ்வளவுதான். ஏரி தானே இடிமழையை உண்டாக்க வேண்டுமென்றால் ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரி அளவுக்கு, ஒரு சிறு கடல்போல, விரிந்து கிடக்க வேண்டும். தைப்பிங்கில் ஏரி மழையைத் தரவில்லை. மழைதான் ஏரியை நிரப்புகிறது.

காரணம் ஏரிக்குப் பின்னால் நிற்கிறது. பிந்தாங் மலைத்தொடரின் புக்கிட் லாருட், அன்றைய மேக்ஸ்வெல் மலை, ஊரை ஒட்டியே ஆயிரம் மீட்டருக்கு மேல் எழும்புகிறது. எதிர்ப்பக்கம் கடல். 1885-இல் இந்நாட்டின் முதல் ரயில் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு, அதாவது இன்றைய கோலா செபெத்தாங்குக்கு ஓடியது. அந்தப் பாதையின் நீளம் 13 கிலோமீட்டர்தான். அவ்வளவு பக்கத்தில் கடல். காலையில் வெயில் ஏற ஏறத் தரை சூடாகி, அதன் மேலிருக்கும் காற்று இலேசாகி எழும்புகிறது. அந்த இடத்தை நிரப்ப மலாக்கா நீரிணையிலிருந்து ஈரக்காற்று உள்ளே வருகிறது. வந்த காற்றுக்கு நேரே மலை. விலகிப் போக வழியில்லாமல் மேலே ஏறுகிறது. ஏறுகிற காற்று விரிந்து குளிர்கிறது. ஈரம் பூரிதமாகும் வரை கிலோமீட்டருக்குப் பத்து டிகிரி கணக்கில் குளிர்ந்துகொண்டே போகும். பூரிதமானதும் மேகம். நீராவி நீராகும்போது வெளிப்படும் வெப்பம் அந்த மேகத்தை இன்னும் உயரத்துக்குத் தள்ளுகிறது. மதியம் மலை உச்சி மறைகிறது, மாலையில் இடி, பிறகு கொட்டுகிறது. காலையில் அதே ஊர் வெயிலில் பளிச்சென்று இருந்திருக்கும்.

ஏரிக்கரையில் வரிசையாகச் சாய்ந்து, கிளைகளைத் தண்ணீர் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் தூங்குமூஞ்சி மரங்களுக்கு மழையை முன்கூட்டியே சொல்லும் சக்தி உண்டு என்று ஒரு நம்பிக்கை. வானம் இருண்டால் அவற்றின் இலைகள் மடங்கும், உண்மைதான். வெளிச்சம் குறைவதற்குத்தான் அவை மடங்குகின்றன. அந்தி சாய்ந்தாலும் மடங்கும். இதைவிட நம்பகமான குறி, புழுக்கத்துக்கு நடுவே திடீரென்று மலைப்பக்கமிருந்து வீசும் குளிர்காற்று. ஏற்கெனவே பெய்துகொண்டிருக்கும் மேகத்திலிருந்து கீழே இறங்கித் தரையில் பரவும் காற்று அது. அது முகத்தில் பட்டால் கொடியில் காயும் துணியை எடுக்கச் சில நிமிடங்கள்தான் இருக்கின்றன.

பருவங்களின் கணக்கு தமிழ்நாட்டைத் தெரிந்தவர்களைக் குழப்பும். அங்கே பருவக்காற்று வந்தால் மழை. பேராக்கில் பருவக்காற்று ஓய்ந்தால் மழை! நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று தன் நீரில் பெரும்பகுதியைக் கிழக்குக் கரையில் கிளந்தான், திரெங்கானு பக்கம் இறக்கிவிடும். தித்திவங்சா மலைத்தொடர் நடுவில் நிற்பதால் ஜனவரி, பிப்ரவரியில் பேராக் காய்ந்திருக்கும். ரப்பர் மரங்கள் இலை உதிர்ப்பதும் அப்போதுதான். மே முதல் செப்டம்பர் வரை வரும் தென்மேற்குப் பருவக்காற்றை சுமத்ராவின் மலைகள் மறித்துவிடுவதால் ஜூன், ஜூலையும் ஓரளவு வறட்சிதான். இரண்டுக்கும் இடையில், ஏப்ரலிலும் அக்டோபரிலும், பெருங்காற்று எதுவும் வீசாத வாரங்கள் வருகின்றன. அப்போது கடல்காற்றும் மலையும் தங்கள் வேலையைத் தடையில்லாமல் செய்கின்றன. நம் ஐப்பசி அடைமழைக் கணக்கு இங்கேயும் பொருந்துவது வெறும் தற்செயல். தஞ்சாவூரில் ஐப்பசிக்கு மழை தருவது காற்றின் வரவு, பேராக்கின் ஈப்போவில் காற்றின் ஓய்வு.

வடகிழக்குப் பருவக்காற்று எப்போதாவது மிதமிஞ்சி வலுத்தால் மலைத்தொடராலும் தடுக்க முடிவதில்லை. 1926 டிசம்பரில் பேராக் ஆறு பெருக்கெடுத்த பெருவெள்ளமும், 1967 ஜனவரியில் தெலுக் இந்தான் வரை மூழ்கடித்த வெள்ளமும் அப்படி வந்தவை. 1970களில் மேல்பேராக்கில் தெமெங்கோர் அணையைக் கட்டும்போது மின்சாரத்தோடு வெள்ளத் தடுப்பையும் கணக்கில் வைத்தார்கள்.

இதுவரை சொன்னது மாலை மழை. ரப்பர் தோட்டத்துச் சனங்களை அதிகம் பாதித்தது விடியற்கால மழை. இரவில் நிலம் கடலைவிடச் சீக்கிரம் குளிர்கிறது. சுமத்ராவிலிருந்து ஒரு காற்றும் இந்தப் பக்கத்திலிருந்து ஒரு காற்றும் கடலை நோக்கி இறங்கி, வெதுவெதுப்பான மலாக்கா நீரிணைக்கு மேல் மோதிக்கொள்கின்றன. அங்கே எழும் இடிமேகங்கள் சில நாட்களில் ஒரே வரிசையாகச் சேர்ந்து கிழக்கு நோக்கி நகர்ந்து, விடியும் நேரத்தில் மேற்குக் கரையைப் புயல்போல அடிக்கும். மாலுமிகள் அதற்கு "சுமத்ரா" என்றே பெயர் வைத்தார்கள். ஏப்ரல் முதல் நவம்பர் வரை அதன் காலம். ஓரிரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். ஆனால் அது வரும் நேரமும், பால்வெட்டுக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு நேரமும் ஒன்று.

பால்வெட்டு ஏன் அவ்வளவு அதிகாலையில் நடக்கிறது? இரவெல்லாம் நீர் உறிஞ்சிய மரத்தின் பட்டைக்குள் அழுத்தம் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். வெயில் ஏறினால் அழுத்தம் குறைந்து பாலும் குறையும். பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக்கோட்டில் ஓடி மங்கில், அதாவது பால் சேரும் கிண்ணத்தில், விழாமல் மரமெங்கும் வழியும். வெட்டிய பின் மழை பிடித்தால் மங்கில் இருப்பது தண்ணீரோடு போகும். ஈரத்தில் வெட்டினால் காயத்தில் பூஞ்சைநோயும் பிடிக்கும். எனவே மழை என்றால் வெட்டு இல்லை. நாட்கூலிக்காரர்களுக்கு வெட்டு இல்லை என்றால் அன்றைக்குக் கூலியும் இல்லை. மழை மிகுந்த மாதமும் தீபாவளி மாதமும் ஒன்றாக வந்ததால் எத்தனை குடும்பங்கள் கடன் வாங்கிக் கொண்டாடியிருக்கும் என்று யோசித்தால், பருவநிலை என்பது பாடப்புத்தக விஷயமாகத் தெரியவில்லை. கேரளத்திலும் கன்னியாகுமரியிலும் மரத்தைச் சுற்றிப் பாவாடைபோல ஞெகிழித் தாள் கட்டி, மழை நாளிலும் வெட்டுகிறார்கள். அங்கே அதைச் செய்பவர்கள் பெரும்பாலும் சிறு தோட்டக்காரர்கள். தன் மரம், தன் வருமானம்.

இன்று கணிப்பவர்களிடம் என்ன இருக்கிறது? ஜப்பானின் ஹிமாவாரி செயற்கைக்கோள் 10 நிமிடத்துக்கு ஒரு படம் அனுப்புகிறது. பினாங்கு பாயான் லெப்பாஸிலிருந்து பறக்கவிடும் பலூன் காற்றின் வெப்பத்தையும் ஈரத்தையும் உயரம் வாரியாகச் சொல்கிறது. ரேடார் மழைத்துளிகளில் பட்டுத் திரும்பும் அலைகளைக் கொண்டு மேகத்தைப் பின்தொடர்கிறது. இவற்றையெல்லாம் விழுங்கிக் கணிக்கும் கணினி மாதிரிகளில் ஐரோப்பிய வானிலை மையத்தின் புகழ்பெற்ற உலக மாதிரி பூமியை ஏறத்தாழ 9 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துப் பார்க்கிறது. ஓர் இடிமேகத்தின் அகலமே சில கிலோமீட்டர்தான். தனி மேகத்தின் ஆயுள் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அந்தக் கட்டத்துக்குள் ஏரிக்கரை, கமுந்திங், மலையடிவாரம் எல்லாம் ஒரே புள்ளி. நேற்றே பார்த்துச் சொன்ன கைப்பேசிச் செயலி ஏமாற்றுவது இதனால்தான். அதைத் திட்டிப் பயனில்லை.

மலேசிய வானிலை ஆய்வுத் துறை தினமும் காலை, பிற்பகல், இரவு என்று மூன்றாகப் பிரித்துச் சொல்வதைப் பொதுக் குறிப்பாக எடுத்துக்கொள்ளலாம். நம்ப வேண்டியது அதன் இடிமழை எச்சரிக்கையை. மணிக்கு 20 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் அறிகுறி தெரிந்தால் அது வெளிவரும். ஒவ்வொன்றும் ஆறு மணி நேரத்துக்கு மேல் செல்லாது. சிறியதாகத் தோன்றினாலும், இந்த வானத்தில் நேர்மையாகச் சொல்லக்கூடிய தூரம் அவ்வளவுதான். நாள்கணக்கில் நீடிக்கும் தொடர்மழைக்கு மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று தனி எச்சரிக்கை உண்டு. அது வடகிழக்குப் பருவக்காற்றோடு சேர்ந்தது, பல நாள் முன்பே தெரிந்துவிடும்.

மழை இவ்வளவு உள்ளூர்த்தனமாக இருப்பதால் அளவுகளும் உள்ளூரில் எடுத்தால்தான் பொருள் உண்டு. ஒரு கம்பத்தில் கொட்டும் நாளில் அடுத்த கம்பம் காய்ந்திருக்கும். பழைய தோட்டங்கள் பலவற்றில் ஆபீஸ் வாசலில் மழைமானி இருந்தது. தினமும் காலையில் அதை அளந்து பேரேட்டில் எழுதினார்கள். வேலை நாளைக் கணக்கிட அந்த எண் நிர்வாகத்துக்குத் தேவைப்பட்டது. பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடமைப்பு வந்தது. பல பேரேடுகள் எங்கே போயின என்று கேட்க ஆளில்லை. பேராக்கின் மழை மாறியிருக்கிறதா, எவ்வளவு மாறியிருக்கிறது என்று சொல்ல 50, 60 ஆண்டுத் தொடர் அளவுகள் வேண்டும். செயற்கைக்கோளால் பின்னோக்கிப் போய் அளக்க முடியாது. உங்கள் தாத்தாவோ அப்பாவோ தோட்டத்தில் கிராணியாக இருந்து, அலமாரியில் அப்படி ஒரு மழைப் பேரேடு கிடந்தால், பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். தேசிய ஆவணக் காப்பகத்திலோ வடிகால் நீர்ப்பாசனத் துறையிலோ ஒப்படையுங்கள்.