லினக்ஸுக்கு மாறுவோம் – 6: நிறுவாமலே ஓட்டிப் பார்க்கலாம்

எந்த லினக்ஸ் என்பதைப் போன வாரமே பேசி முடித்தாயிற்று: புதியவர்களுக்கு மின்ட். இந்த வாரம் தமிழ்த் தட்டச்சு என்று சொல்லியிருந்தேன். அதற்குள் வாசகர்களின் ஒரு பயம் குறுக்கே நிற்கிறது. ‘இருக்கிற விண்டோஸ் போய்விட்டால்? பிள்ளைகளின் போட்டோக்கள் அழிந்துவிட்டால்?’

போகாது. ஹார்ட் டிஸ்க்கில் கை வைக்காமல், பென் டிரைவிலிருந்தே மின்ட்டை ஓட்டிப் பார்க்கலாம். 8 ஜிபி பென் டிரைவ் தாராளம். மின்ட்டை அதில் எழுதும்போது பழையதெல்லாம் அழிந்துவிடும், காலியானதாக எடுத்துக்கொள்ளுங்கள். கணினியை ஆன் செய்ததும் எஃப்12 (சிலவற்றில் எஃப்9 அல்லது எஸ்கேப்) பட்டனைத் தட்டினால் ஒரு பட்டியல் வரும். அதில் பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தால் சற்று நேரத்தில் முழு டெஸ்க்டாப்பும் வந்து நிற்கும். நீங்கள் செய்கிற மாற்றமெல்லாம் ரேமில்தான் நிற்கும். அணைத்துவிட்டு பென் டிரைவை உருவிவிட்டால் பழைய விண்டோஸ் அப்படியே இருக்கும். டெஸ்க்டாப்பில் தெரியும் ‘இன்ஸ்டால்’ ஐகானை மட்டும் இப்போதைக்குத் தொடாதீர்கள்.

இந்த வழியை உலகெங்கும் பரப்பியவர் கிளவுஸ் க்னாப்பர் என்ற ஜெர்மானியப் பொறியாளர். இவரைப் பற்றிப் படித்ததிலிருந்து வேறெதிலும் மனம் போகவில்லை. லேப்டாப்பைச் சுமந்து திரிவதற்குப் பதிலாக, ஒரு சிடியை எடுத்துப்போய் கிடைக்கிற கணினியில் போட்டு வேலை பார்க்க முடியாதா என்று யோசித்தார். 2000-இல் க்னாப்பிக்ஸ் வெளிவந்தது. 700 எம்பி சிடிக்குள் ஏறக்குறைய 2 ஜிபி மென்பொருளைச் சுருக்கி அடைத்தார். தேவைப்படும் துண்டு மட்டும் அந்தந்த நேரத்தில் விரியும். சவுண்ட் கார்டையும் திரையையும் பயனரே உட்கார்ந்து அமைத்துக்கொண்டிருந்த காலத்தில், அந்த சிடி எல்லாவற்றையும் தானே கண்டுபிடித்துக்கொண்டது.

அதைவிட என்னை நெகிழவைத்தது இன்னொன்று. அவருடைய மனைவி அட்ரியானே பார்வைக் குறைபாடு உடையவர். அவர் பெயரிலேயே க்னாப்பிக்ஸுக்குள் ஒரு பேசும் இடைமுகம் உருவானது. உருவாக்கத்தில் அவரும் துணை நின்றார். மானிட்டரே தேவையில்லை. மெனு வாய்விட்டுப் படிக்கும். அம்புக்குறி விசைகளால் நகர்ந்து, மின்னஞ்சலையும் இணையப் பக்கங்களையும் காதால் கேட்டே பயன்படுத்தலாம். கணினியைப் புதிதாகத் தொடுகிறவர்களை மனதில் வைத்துச் செய்தது இது. வீட்டில் ஒருவருக்காகத் தொடங்கிய வேலையை உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்துவிட்டார்கள்.

நிறுவாமல் ஓட்டுவது சோதித்துப் பார்க்க மட்டுமல்ல, ஆபத்துக்கும் உதவும். எங்கள் தெரு ஜெராக்ஸ் கடைக்காரரின் கணினி ஒருநாள் கறுப்புத் திரையோடு நின்றுவிட்டது. உள்ளே வாடிக்கையாளர்களின் கல்யாணப் பத்திரிகை டிசைன்கள். ‘ஃபார்மட் அடிச்சாதான் சரியாகும்னு சொல்றாங்க சார்’ என்றார். மின்ட் பென் டிரைவைச் செருகித் திறந்தோம். ஃபோல்டர்கள் வரிசையாக வந்தன. எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் நகலெடுத்த பிறகே ஃபார்மட். டிஸ்க் கெட்டுப்போகாமல் விண்டோஸ் மட்டும் படுத்துவிட்டால் பெரும்பாலும் இது கைகொடுக்கும். டிஸ்க்கில் விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு உள்ளவர்கள் மட்டும் ரெகவரி கீயை முன்னதாகவே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த வாரம் நீங்களும் ஓட்டிப் பாருங்கள். வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, பிரின்டர் அச்சடிக்கிறதா என்று சோதியுங்கள். வேகத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். பென் டிரைவில் மெதுவாகத்தான் ஓடும். அடுத்த வாரம் தமிழ்99 விசைப்பலகை, கட்டாயம்.

(தொடரும்)