உஷார்! கேம் கனெக்ட் ஆகவில்லையென்று ரவுட்டரைத் திறந்துவிடாதீர்கள்

வைஃபை பாஸ்வேர்டை மாற்றித் தரச் சொல்லித்தான் அக்கா கூப்பிட்டிருந்தாள். ரவுட்டருக்குள் நுழைந்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். 'டி.எம்.இசட்.' என்ற இடத்தில் டிக் போட்டிருந்தது. எதிரே 192.168.1.5. எனக்குப் பகீரென்றது.

அக்கா மகன் பிளஸ் டூ படிக்கும்போது செய்துவைத்த வேலை. நண்பர்களோடு ஆன்லைனில் ஆட உட்கார்ந்தால் 'நேட் டைப் ஸ்ட்ரிக்ட்' என்று வந்து நின்றிருக்கிறது. ஏதோ ஒரு வீடியோவில் "டி.எம்.இசட்.டை ஆன் பண்ணு, எல்லாம் சரியாயிடும்" என்றார்களாம். பண்ணியிருக்கிறான், கேமும் ஓடியிருக்கிறது. பிறகு லேப்டாப்பை எடுத்துக்கொண்டு கல்லூரி விடுதிக்குப் போய்விட்டான். அந்த லேப்டாப்புக்கு ரவுட்டர் கொடுத்திருந்த 192.168.1.5 என்ற எண் காலியாகக் கிடந்தது. அதற்கப்புறம் வீட்டில் சி.சி.டி.வி. மாட்டினார்கள். காலியாக இருந்த எண்ணை ரவுட்டர் அந்த ரெக்கார்டருக்குக் கொடுத்துவிட்டது. ரெக்கார்டரின் பாஸ்வேர்ட், மாட்டியவர் வைத்துவிட்டுப் போன அதே 12345.

வாசல், கார் நிறுத்துமிடம், மாடிப்படி, ஹால் என நான்கு கேமராக்கள். இணையத்தில் யார் வேண்டுமானாலும் தட்டிப் பார்க்கக்கூடிய நிலையில் எத்தனை மாதம் கிடந்தன, யாரெல்லாம் பார்த்தார்கள் என்று சொல்ல இன்றைக்கும் வழியில்லை.

அந்த டிக் செய்வது இதுதான். உள்ளிருந்து யாரும் கேட்காமல் வெளியிலிருந்து வந்து மோதும் எதையும் ரவுட்டர் சாதாரணமாக உள்ளே விடாது. டி.எம்.இசட்.டை ஆன் செய்தால், அப்படி வருவதையெல்லாம் நீங்கள் குறிப்பிட்ட எண்ணுக்கு அப்படியே அனுப்பிவிடும். ஒரு எண்ணுக்கு 65,535 போர்ட்கள், அதாவது வாசல்கள். அத்தனையும் திறந்துவிடும். கவனியுங்கள், திறப்பது எண்ணுக்கு, கருவிக்கு அல்ல. இன்று பிளேஸ்டேஷன் இருக்கும் எண்ணில் நாளை அப்பாவின் ஆபீஸ் லேப்டாப் வந்து உட்காரலாம். அதோடு நிற்காமல் "விண்டோஸ் ஃபயர்வாலையும் ஆஃப் பண்ணு" என்று சொல்லித்தருகிறார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. மிச்சமிருக்கும் ஒரே கதவையும் கழற்றி வைக்கச் சொல்கிறார்கள்.

திறந்த போர்ட்டை யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். ஆள் பார்ப்பதில்லை, நிரல் பார்க்கிறது, இரவு பகலாக. 2016-ல் பரவிய மிராய் என்ற தீநிரல் அப்படித்தான் கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் ரவுட்டர்களையும் தேடிப்பிடித்தது. கம்பெனியே வைத்து அனுப்பும் பாஸ்வேர்ட்கள் சுமார் 60 அதன் கையில் இருந்தன. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து உள்ளே போனது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று, அப்படிப் பிடித்த கருவிகள் ஏவப்பட்டு, இணையதளப் பெயர்களுக்கு முகவரி காட்டும் டின் என்ற அமெரிக்க நிறுவனம் தாக்கப்பட்டது. ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் பலருக்குத் திறக்கவில்லை. மிராயை எழுதியவர்கள் மூன்று இளைஞர்கள். மைன்கிராஃப்ட் கேம் சர்வர்களை முடக்குவதற்காக அவர்கள் தொடங்கிய வேலை அது. 2017 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள் என்ற செய்தி வெளியானது.

இன்னொன்று யு.பி.என்.பி. கேம் தனக்கு வேண்டிய போர்ட்டைத் தானே கேட்டுத் திறந்துகொள்ள வைத்த வசதி. பாஸ்வேர்ட் எதுவும் கேட்காது. வீட்டுக்குள் இருக்கும் எந்தக் கருவி கேட்டாலும் திறந்துவிடும், அந்தக் கருவியில் வைரஸ் இருந்தாலும்தான். சில பழைய ரவுட்டர்களோ வெளியிலிருந்து வந்த கோரிக்கைக்கும் தலையாட்டின. 2018 நவம்பரில் அகமாய் நிறுவனம் வெளியிட்ட ஆய்வில் 45,113 ரவுட்டர்களில் யாரோ இந்த வழியாகப் புகுந்து 139, 445 போர்ட்களைத் திறந்துவைத்திருந்தது தெரியவந்தது. 2017 மே மாதம் மருத்துவமனைகளைக்கூட முடக்கிய வானாக்ரை பரவியதும் இதே 445 வழியாகத்தான்.

இதையெல்லாம்விட என்னை வேதனைப்படுத்துவது, பல வீடுகளில் இந்த ஆபத்தை இழுத்துக்கொண்டும் கேம் ஓடுவதில்லை என்பது. காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் 'வான் ஐ.பி.' என்று ஒரு எண் இருக்கும். அது 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால், இணைப்பு தரும் நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுத்திருக்கிறது என்று அர்த்தம். இதற்கு சி.ஜி.நேட் என்று பெயர். உங்கள் ரவுட்டரில் எந்த போர்ட்டைத் திறந்தாலும் பயன் கிடையாது, தடை அவர்கள் பக்கம் இருக்கிறது. போன் செய்து பொது ஐ.பி. கேளுங்கள். மாதக் கட்டணம் கேட்கலாம். ஐ.பி.வி.6 இருக்கிறதா என்றும் விசாரியுங்கள், எக்ஸ்பாக்ஸுக்கு அது உதவும். பொது ஐ.பி. வாங்கிய அன்றைக்கு, முன்பு வீணாகத் திறந்துவைத்ததெல்லாம் நிஜமாகவே திறந்துகொள்ளும். அதனால் வாங்குவதற்கு முன் அவற்றை மூடிவிடுங்கள்.

வான் ஐ.பி. 192.168 என்று தொடங்கினால், பெரும்பாலும் ஃபைபர்காரர் வைத்த பெட்டிக்குப் பின்னால் நீங்கள் வாங்கிய ரவுட்டரும் இன்னொரு ரவுட்டராக வேலை செய்கிறது. உங்களுடையதை ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாற்றினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். எதையும் திறக்க வேண்டாம்.

பிளேஸ்டேஷனில் 'நேட் டைப் 2' என்று வந்தால் பதறாதீர்கள், ரவுட்டர் உள்ள வீட்டில் அப்படித்தான் வரவேண்டும். மொபைலில் பிஜிஎம்ஐ போன்ற கேம்கள் நிறுவனத்தின் சர்வரோடு நேராகப் பேசுபவை. அங்கே லேக் வந்தால் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாறிப் பாருங்கள், ரவுட்டருக்குப் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

இத்தனைக்கும் பிறகு போர்ட் திறந்தே ஆகவேண்டும் என்றால், ரவுட்டரில் அந்தக் கருவிக்கு மட்டும் ஒரு எண்ணை நிரந்தரமாக ஒதுக்குங்கள். கேம் நிறுவனமே சொல்லும் போர்ட்டை மட்டும் அந்த எண்ணுக்குத் திருப்புங்கள். எக்ஸ்பாக்ஸுக்கு முக்கியமானது 3074. யு.பி.என்.பி.யை அணைப்பதுதான் என் விருப்பம். அணைத்தால் கேம் நின்றுவிடுகிறது என்றால் ரவுட்டரின் ஃபர்ம்வேரைப் புதுப்பித்துவிட்டு வைத்துக்கொள்ளுங்கள், எந்தக் கருவி எதைத் திறந்திருக்கிறது என்ற பட்டியலை அவ்வப்போது பாருங்கள். 'ரிமோட் மேனேஜ்மென்ட்' ஆஃபில் இருக்கட்டும். "உன் ஸ்கிரீனை ஷேர் பண்ணு, நானே சரிசெய்து தர்றேன்" என்று சாட்டில் வரும் முகம் தெரியாத ஆளிடம் ரவுட்டரைக் கொடுத்துவிடாதீர்கள்.

அக்கா வீட்டில் அன்றே டிக்கை எடுத்தேன். ரெக்கார்டர் பாஸ்வேர்டையும் ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றினேன். பிறகு பையனுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"மாமா, ரூம்ல நாலு பேரும் சேர்ந்து ஒரு ரவுட்டர் வாங்கியிருக்கோம். அதுலயும் நான்தான் ஆன் பண்ணி வெச்சேன்."

அவன் அதை அணைத்து முடிக்கும்வரை போனை நான் வைக்கவில்லை.