தூண்டிலுக்குக் கீழே ஓர் ஆள்

மேற்கு சியாட்டிலில், எலியட் விரிகுடாவின் கரையில் சீக்ரெஸ்ட் பூங்கா இருக்கிறது. தண்ணீருக்கு அப்பால் நகரின் உயர்ந்த கட்டடங்கள் தெரியும். சின்ன இடம்தான். ஆனால் அதற்குள் ஒரு மீன்பிடி மேடை, நகர மையத்துக்குப் போய்வரும் பயணிகள் படகின் துறை, கயாக் வாடகைக் கடை, உணவகம், முக்குளிப்பவர்கள் 1, 2, 3 என எண்ணிட்டு அழைக்கும் மூன்று சிறு குடாக்கள் என எல்லாமே நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. குளிர்காலத்தில் இருட்டியதும் மேடையில் விளக்குகள் வரிசையாக எரியும். வெளிச்சத்துக்கு வரும் கணவாயைப் பிடிக்க வாளியும் தூண்டிலுமாகக் கூட்டம் நிற்கும். அதே நேரத்தில், அதே தண்ணீரில், கையில் டார்ச்சோடு சிலர் இறங்குவார்கள். பெரும்பாலும் இரவில்தான் ஆக்டோபஸ் பொந்தை விட்டு வெளியே வரும். அதைப் பார்க்க அவர்களுக்கு ஆசை.

சண்டை இங்கேதான் தொடங்குகிறது. "மீனைக் கலைக்கிறார்கள், தூண்டில் நரம்பை அறுக்கிறார்கள்" என்கிறார்கள் மேலே நிற்பவர்கள். "தலைமேல் ஈயக்குண்டு எறிகிறார்கள்" என்கிறார்கள் கீழே போகிறவர்கள். ரெட்மண்ட், பெல்வியூ பக்கம் வேலை பார்க்கும் நம்மவர்களில் தூண்டில் போடப் பழகியவர்களும் உண்டு, ஸ்கூபா கற்றுக்கொண்டவர்களும் உண்டு. யார் பக்கம் நின்றாலும் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

பூங்கா பொது இடம். உரிமம் வைத்திருப்பவர் அங்கே மீன் பிடிக்கலாம். பயிற்சி பெற்றவர் அங்கே முக்குளிக்கலாம். முதலில் வந்தவருக்குத் தண்ணீர் சொந்தமாகிவிடாது. வாஷிங்டன் மாநிலத்தில் 15 வயது நிறைந்த எவரும் உரிமம் இல்லாமல் கணவாய் பிடிக்கக் கூடாது. முறைப்படி மீன் பிடிப்பவரைத் தொந்தரவு செய்வதோ மிரட்டுவதோ, அவருக்குக் கிடைக்கக் கூடாது என்ற நோக்கத்தோடு மீனை விரட்டுவதோ அந்த மாநிலத்தில் குற்றம். சிறைத் தண்டனை வரை போகலாம். பிறர் போட்ட நண்டுக்கூட்டைத் திறந்து நண்டை எடுப்பதும் குற்றம்தான். இதில் 'நோக்கம்' என்பதுதான் முக்கியம். மேடையைத் தாண்டி நீந்திப் போனதால் மீன் கலைந்தது என்றால் அது குற்றமாகாது. வேண்டுமென்றே தூண்டிலுக்குக் கீழே வட்டமடித்தால் வழக்கு வரும். மேலே நிற்பவருக்கும் இதே அளவுகோல்தான்: வழக்கமாக வீசும் இடத்தில் வீசியது குற்றமில்லை, குமிழி வரும் இடத்தைக் குறிவைத்து ஈயத்தை எறிந்தால் அது தாக்குதல்.

ஆகவே உரிமையில் இருவரும் சமம். ஆபத்தில் சமம் இல்லை. நரம்பு அறுந்தால் மீன்காரருக்குச் சில டாலர் நட்டம். கொக்கி மாட்டினால் கீழே இருப்பவருக்கு உயிர் ஆபத்து. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அந்த ஆபத்து எப்படி வருகிறது? கணவாய்த் தூண்டிலில் முட்கள் கிரீடம் போல வட்டமாக நிற்கும். எதன்மேல் பட்டாலும் பற்றிக்கொள்ளும். நைலான் நரம்போ தண்ணீருக்குள் கண்ணுக்கே தெரியாது. அங்கே கடல்நீர் ஆண்டு முழுவதும் 10 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருப்பதால் பலர் தண்ணீர் புகாத உடை அணிந்துதான் இறங்குகிறார்கள். அந்த உடையை முள் கிழித்தால் உள்ளே குளிர்நீர் ஏறும். இதைவிடக் கொடுமை, நரம்பு கனமாக இழுபடுவதைப் பார்த்து, பெரிய மீன் என்று நினைத்து மேலே நிற்பவர் சுருளை வேகமாகச் சுற்றுவது. சிக்கியவர் பதறிப்போய் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், நுரையீரலில் அடைபட்ட காற்று விரிந்து திசுவைக் கிழிக்கும். ஆழத்தில் அதிக நேரம் இருந்துவிட்டுச் சட்டென்று ஏறினால் ரத்தத்தில் நைட்ரஜன் குமிழி கட்டும்.

எனவே மேடையில் நிற்பவர்களுக்கு முதல் விதி: பக்கத்தில் குமிழி தெரிந்து, நரம்பும் கனத்தால், சுற்றாதீர்கள். தளர்த்துங்கள். அவராக விடுவித்துக்கொள்ள அவகாசம் கொடுங்கள். நட்டம் பெரிதில்லை என்றால் நீங்களே அறுத்துவிடுங்கள்.

முக்குளிப்பவர் செய்ய வேண்டியது அதைவிட அதிகம். கீழே இருப்பவரை மேலே நிற்பவர் பார்க்க முடியாது என்பதால் விலகிப் போகும் பொறுப்பு அவருடையது. கரையில் உள்ள அறிவிப்புப் பலகையைப் படித்துவிட்டு இறங்க வேண்டும். மேடைத் தூண்களுக்கு நடுவே புகக் கூடாது. பயணிகள் படகின் பாதையை விட்டு ஒதுங்கியே மேலே வர வேண்டும். சிவப்பில் குறுக்கே வெள்ளைப் பட்டை போட்ட கொடியை மிதவையில் கட்டி இழுத்துப் போகலாம். கத்தி ஒன்று போதாது; நரம்பு வெட்டும் சிறு கருவி ஒன்றும் எட்டும் இடத்தில் இருக்கட்டும். சிக்கிக்கொண்டால் சுழலாதீர்கள், சுழன்றால் நரம்பு இன்னும் சுற்றிக்கொள்ளும். அசையாமல் நின்று கூட வந்தவரைக் கூப்பிடுங்கள். உடலில் ஏறிய முள்ளைத் தண்ணீருக்குள் பிடுங்க வேண்டாம். நரம்பை மட்டும் வெட்டிவிட்டு மெதுவாக ஏறுங்கள். கரைக்கு வந்தபின் மயக்கம், மரத்துப்போதல், மூட்டுவலி இருந்தால் 911-ஐ அழைத்து, முக்குளித்ததையும் சொல்லுங்கள். உயர் அழுத்த ஆக்சிஜன் அறை சியாட்டில் நகரிலேயே உண்டு.

ஆனால் இந்தக் கருவிகளையெல்லாம்விட மலிவான தீர்வு ஒன்று இருக்கிறது. இறங்குமுன் மேடைவரை நடந்துபோய், "இந்தப் பக்கமாகப் போய் அந்தப் பக்கம் ஏறப்போகிறோம், முக்கால் மணி நேரம் ஆகும்" என்று சொல்லிவிட்டு வருவது. மேடையில் நிற்பவர்களில் பலர் வியட்நாம், கம்போடியா, பிலிப்பைன்ஸ் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அந்த வாளிதான் அவர்கள் வீட்டுச் சமையல். பல ஆயிரம் டாலர் கருவியைச் சுமந்து வருகிறவர் முகம்கொடுத்துப் பேசாமல் கடந்துபோனால் அதை யாரும் பாராட்டப் போவதில்லை.

மீறி வம்பு நடந்தால் தண்ணீரிலேயே தீர்க்கப் பார்க்காதீர்கள். நேரம், இடம், சாட்சி, முடிந்தால் வீடியோ என்று பதிவு செய்துகொள்ளுங்கள். மீன்பிடித் தொந்தரவு, நண்டுத் திருட்டு என்றால் மாநில மீன்வள, வனவிலங்குத் துறைக்குத் தனிக் காவல் பிரிவே உண்டு. ஆளைத் தாக்கினால் நகரக் காவல்துறை.

தூண்டில் மட்டுமல்ல, வலையையும் மறந்துவிடக் கூடாது. சால்மன் பருவத்தில் எலியட் விரிகுடாவில் மக்கல்ஷூட், சுக்வாமிஷ் பழங்குடியினர் வலை போடுவார்கள். அது அரசு கொடுத்த சலுகை அல்ல. 1855 ஒப்பந்தத்தில் அவர்கள் தங்களுக்கென்று விட்டுவைத்துக்கொண்ட உரிமை, 1974-ல் நீதிபதி போல்ட் தீர்ப்பால் உறுதியானது. வலை தெரிந்தால் அன்று வேறு இடம் பார்க்க வேண்டியதுதான்.

இடத்தைப் பிரித்துக்கொடுத்து வெற்றி கண்ட ஊரும் அருகிலேயே இருக்கிறது. வடக்கே எட்மண்ட்ஸ் நகரம் 1970-லேயே படகுத்துறையை ஒட்டிய கடலை நீரடிப் பூங்காவாக அறிவித்தது. அதற்குள் மீன்பிடிக்கத் தடை. தூண்டில் போடுபவர்களுக்குச் சற்றுத் தள்ளித் தனி மேடை. சீக்ரெஸ்டில் அப்படிப் பிரிக்க இடம் போதாது.

விதியை மாற்ற வழி உண்டா என்றால், உண்டு. 2012 அக்டோபர் 31 அன்று சீக்ரெஸ்டின் 2-ஆம் குடாவில் ஓர் இளைஞர் முக்குளித்துப் பெரிய பசிபிக் ஆக்டோபஸ் ஒன்றைப் பிடித்து வந்தார். உரிமம் இருந்தது, நாளுக்கு ஒன்று பிடிக்கச் சட்டமும் அனுமதித்தது. கரையில் இருந்த மற்ற முக்குளிப்பவர்கள் கொதித்தார்கள், படங்கள் பரவின, அவருக்கு மிரட்டல்கள் வந்தன. மிரட்டல் அசிங்கம், அதனால் எதுவும் மாறவில்லை. மாற்றம் வந்தது மனுவாலும் பொதுக் கருத்துக் கேட்பாலும்தான். மாநில மீன்வள, வனவிலங்கு ஆணையம் 2013-ல் சீக்ரெஸ்ட் உட்பட 7 முக்குளிப்பு இடங்களில் ஆக்டோபஸ் பிடிப்பதைத் தடை செய்தது.

அந்த ஆணையத்தின் கூட்டங்கள் எல்லாருக்கும் திறந்தவை. ஆனால் வேலை முடிந்து இரவில் கணவாய்க்கு வருகிறவர்களுக்குப் பகல் கூட்டம் எட்டாக்கனி. அடுத்து மேடையைப் பற்றியோ குடாவைப் பற்றியோ விதி எழுதும்போது அவர்கள் குரலும் அங்கே கேட்க வேண்டும். நேரில் போக முடியாதவர்கள் எழுதியும் அனுப்பலாம். எழுத்துக் கருத்தையும் ஆணையம் ஏற்கிறது.