எலும்பு ஒரு தீவில், சாட்சி மறுதீவில்

இந்துமாக்கடலின் தென்பகுதியில், எந்தக் கண்டத்திலிருந்தும் 3,000 கிலோமீட்டருக்கு அப்பால், ஆம்ஸ்டர்டாம், செயிண்ட் பால் என்னும் இரு சிறு எரிமலைத் தீவுகள் உள்ளன. இரண்டும் பிரான்சுக்கு உரியவை. ஒன்றுக்கொன்று ஏறக்குறைய 85 கிலோமீட்டர் தொலைவு. இங்கு வாழ்ந்து மறைந்த வாத்துகளின் கதை, குறைந்த சான்றுகளை எவ்வாறு எடைபோட வேண்டும் என்பதை நமக்கு உணர்த்துகின்றது.

ஆம்ஸ்டர்டாம் தீவில் கிடைத்த எலும்புகளை ஆராய்ந்த ஸ்டோர்ஸ் ஓல்சன், பியேர் ஜுவாந்தேன் ஆகிய இரு அறிஞர், 1996ஆம் ஆண்டில் புதிய வாத்தினம் ஒன்றை அறிவித்தனர். குளிர்காலத்தில் தமிழகத்துக்கு வலசை வரும் நாமத்தலை வாத்துக்கு அது உறவினம், உருவில் சிறியது. அதன் சிறகெலும்புகள் சிறுத்திருந்தன. பறப்பதற்குரிய தசைகள் பற்றி நிற்கும் மார்பெலும்பின் முகடும் தாழ்ந்திருந்தது. ஆகவே அது பறக்கும் ஆற்றலை இழந்த பறவை என்பது புலனாயிற்று. தரையில் வேட்டையாடும் விலங்குகள் இல்லாத தீவில் பறவைக்குப் பெருஞ்சிறகு தேவையில்லை. சிறகுக்குச் செலவாகும் ஊட்டத்தை மிச்சப்படுத்திய பறவைகளே அங்குத் தழைத்தன எனலாம்.

உயிருள்ள வாத்தைப் பற்றிய பயணக் குறிப்பு ஒன்றும் உண்டு. 1793ஆம் ஆண்டில் சீனாவுக்குச் சென்ற மக்கார்ட்னி பிரபுவின் தூதுக்குழு வழியில் இத்தீவுப் பக்கம் தங்கியது. அக்குழுவிலிருந்த ஜான் பாரோ, பூங்குருவியைவிட அதிகம் பெரிதல்லாத பழுப்பு வாத்து ஒன்றைப் பற்றி எழுதினார். கடல்நாய் வேட்டைக்காக அங்குத் தங்கியிருந்த ஐவர் அதனை விரும்பி உண்டனர் என்பதும் அவர் தரும் செய்தி.

எலும்பும் குறிப்பும் ஒரே பறவையுடையனவா? இங்குதான் சிக்கல். அக்கால ஆங்கில மாலுமிகள் இரு தீவுகளின் பெயர்களையும் மாற்றி வழங்கினர். பாரோ கண்ட "ஆம்ஸ்டர்டாம்" உண்மையில் செயிண்ட் பால் தீவே! பறக்க மாட்டாத வாத்து இடைக்கடலைத் தாண்டியிருத்தல் அரிது. எனவே பறக்கவல்ல முன்னோர் இரு தீவுகளிலும் குடியேறி, பின்னர்த் தனித்தனி இனங்களாகியிருக்கலாம். ஆனால் செயிண்ட் பாலில் வாத்தெலும்பு எதுவும் கிடைக்கவில்லை.

ஆதலின் அறிஞர் இரண்டையும் ஒன்றாகக் கலக்கவில்லை. எலும்புக்குரிய இனம் மட்டுமே 'மரேகா மரேகுலா' என்று பெயர் பெற்றது. வேட்டையாளரும், கப்பலில் வந்த எலிகளும் அதன் அழிவுக்குக் காரணமாயிருக்கலாம். செயிண்ட் பால் மண்ணில் ஓர் எலும்பேனும் அகப்படுமாயின், பாரோ கண்ட வாத்துக்கும் ஒரு பெயர் கிடைக்கும்.