கோடி ரூபாய் ‘ராமர் காசு’: நம்பினால் நாமம்!

ராமேசுவரம், அக்னி தீர்த்தத்தில் முழுகிவிட்டு ஈரத்துணியோடு வருகிறீர்கள். ஒரு ஆசாமி நெருங்கி வந்து மடியிலிருந்து செம்புக் காசு ஒன்றை எடுக்கிறான். ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம். மறுபக்கம் ஆங்கிலத்தில் ‘கிழக்கிந்தியக் கம்பெனி, 1818’.

“கோடிக்குப் போகும்ணே. அவசரம், அதான் பத்தாயிரத்துக்குத் தர்றேன்.”

இப்படி யாராவது வந்தால், உஷார்!

அந்தக் காசைக் கம்பெனி அடிக்கவே இல்லை. கம்பெனிக்காரன் சாமி உருவமே போட்டதில்லை என்று சொல்ல முடியாது. சென்னையில் அடித்த தங்க வராகனில் பெருமாள் உண்டு. அதனால்தான் விஷயம் தெரிந்தவர்கள்கூட ஏமாந்து போகிறார்கள். ஆனால் 1803, 1808-ல் சென்னை மாகாணத்துக்கு வந்த செம்பில் 20 காசு, 10 காசு என்றுதான் இருக்கும். நாடு முழுக்க ஒரே மாதிரி அணா வந்தது 1835 சட்டத்துக்குப் பிறகுதான். அப்படியிருக்க, 1818 என்று போட்ட ராமர் ‘அணா’ எங்கிருந்து வந்தது? அது பூஜைக்குச் செய்த வில்லை. வீட்டில் வைத்துக் கும்பிடலாம், தப்பில்லை.

அரிசியை இழுக்குமாம்!

இதிலே ‘இரிடியம்’ இருக்கிறது, அரிசியை இழுக்கும் என்று சொல்லி லட்சக்கணக்கில் கறக்கிற கும்பலும் உண்டு. இழுப்பது காந்தம். அரிசியில் ஏற்றியிருப்பது இரும்புத்தூள். அவ்வளவுதான் வித்தை!

அசல் ‘சேது’ காசு

இந்தச் சீமையின் பெயர் பொறித்த அசல் காசு உண்டு. யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் வெளியிட்டது. ஒரு பக்கம் நிற்கும் மனிதர், மறுபக்கம் காளை, அதன் கீழே தமிழில் ‘சேது’.

அசல் காசு, அச்சு வைத்து அடித்தது. போலி, வார்ப்பில் ஊற்றியது. லென்சு வைத்து விளிம்பைப் பாருங்கள். சுற்றிவரத் தையல் மாதிரி கோடு ஓடும், அல்லது அரம் போட்டு ராவிய தடம் இருக்கும். மேலே ஊசிமுனைக் குழிகள். எழுத்து மழுங்கிக் கிடக்கும். பழைய பச்சைக் களிம்பு செம்போடு ஒட்டிப்போயிருக்கும். மருந்து போட்டு வரவழைத்த பச்சை, ஈரத்துணியிலேயே வந்துவிடும். (நல்ல காசைப் புளி போட்டு விளக்கிவிடாதீர்கள், மதிப்பு போச்சு!)

வெள்ளி ரூபாயில் வேறு தில்லுமுல்லு. 1939-ம் வருஷத்து ஆறாம் ஜார்ஜ் ரூபாய் அபூர்வம். 1938-ல் உள்ள 8-ஐச் சுரண்டி 9 ஆக்கிவிடுவார்கள். எடை சரியாக 11.66 கிராம் இருக்கும், தராசு காட்டிக் கொடுக்காது. கடைசி எண்ணைச் சுற்றிச் சுரண்டல் இருக்கிறதா என்று லென்சில்தான் பார்க்க வேண்டும்.

‘பழைய காசை நாங்களே வாங்குகிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள்’ என்று ரிசர்வ் பாங்கு பெயரில் போன் வந்தாலும் நம்ப வேண்டாம். அப்படி யாரிடமும் கேட்பதில்லை என்று 2021 ஆகஸ்டிலேயே ரிசர்வ் பாங்கு எச்சரித்துவிட்டது.