மொட்டுக்காளான்: பறித்த பின்னும் பராமரிப்பு தேவை

நீலகிரி மாவட்டத்தில் உதகை, குன்னூர், கோத்தகிரி பகுதிகளின் குளிர்ந்த தட்பவெப்பம் மொட்டுக்காளான் வளர்ப்புக்கு மிகவும் ஏற்றது. சொந்த நிலம் அதிகம் இல்லாதவர்களும் ஒரு கொட்டகையை வைத்துக்கொண்டு இதில் வருமானம் காணலாம். ஆனால் வைக்கோலை நனைத்த நாள்முதல் முதல் பறிப்பு வரை ஏறக்குறைய இரண்டு மாதம் பாடுபட்டுவிட்டு, பறித்த மறுநாளே காளானைப் பழுப்பேற விட்டு, கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுவோரும் உண்டு. காளானில் லாபமும் நஷ்டமும் கம்போஸ்ட் குவியலில் தொடங்கி, சந்தைக்குப் போய்ச் சேரும் கூடையில்தான் முடிவாகின்றன.

கம்போஸ்ட் தயாரிப்பு

மொட்டுக்காளானுக்குப் பச்சை வைக்கோல் ஆகாது. நன்கு மக்கிய கம்போஸ்ட் வேண்டும். சிறு விவசாயிகளுக்கு 28 நாள் முறை எளிது. 300 கிலோ கோதுமை வைக்கோலைச் சிமெண்டுத் தளத்தில் பரப்பி, இரண்டு நாள் நன்கு நனைக்க வேண்டும். கோதுமைத் தவிடு 30 கிலோ, கால்சியம் அம்மோனியம் நைட்ரேட் 9 கிலோ, யூரியா, சூப்பர் பாஸ்பேட், மூரியேட் ஆப் பொட்டாஷ் ஆகியவை தலா 3 கிலோ கலந்து, 5 அடி அகலம், 5 அடி உயரத்தில் குவியலாக அமைக்க வேண்டும். நெல் வைக்கோல் சேர்ப்பதானால் பாதிக்குப் பாதி கலக்கலாம். அது விரைவில் குழைந்துவிடும் என்பதால் நீர் தெளிப்பதில் கவனம் தேவை.

குவியலின் நடுவில் வெப்பம் 70 டிகிரி செல்சியஸ் வரை ஏறும். 6, 10, 13, 16, 19, 22, 25 ஆகிய நாட்களில் உள்ளிருப்பது வெளியிலும், வெளியிலிருப்பது உள்ளிலும் வருமாறு கிளறிவிட வேண்டும். 13-ம் நாள் கிளறும்போது 30 கிலோ ஜிப்சம் இட வேண்டும்.

28-ம் நாள் கம்போஸ்ட் கரும்பழுப்பு நிறமாக இருக்கும். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் உள்ளங்கை ஈரமாக வேண்டும், நீர் சொட்டக்கூடாது. முகர்ந்து பார்த்தால் அம்மோனியா நெடி துளியும் இருக்கக்கூடாது. நெடி இருந்தால் மீண்டும் கிளறி ஆறவிட வேண்டும். அவசரப்பட்டு வித்திட்டால் வித்து செத்துப்போகும்.

வித்திடுதலும் மேல்மண்ணும்

100 கிலோ கம்போஸ்டுக்கு 500 முதல் 750 கிராம் வரை வித்து போதும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஊட்டி-1, ஊட்டி (பி.எம்.)-2 ரகங்கள் மலைப்பகுதிக்கு ஏற்றவை. 22 முதல் 25 டிகிரி வெப்பத்தில் இரண்டு வாரத்தில் வெண்ணிறப் பூசண இழைகள் முழுவதும் பரவிவிடும். பிறகு நன்கு மக்கிய தொழுவுரமும் தென்னைநார்க் கழிவும் கலந்து, நீராவியில் சுத்தம் செய்து, ஒன்றரை அங்குலக் கனத்தில் மேல்மண்ணாக இட வேண்டும்.

இழைகள் மேல்மண்ணுக்குள் ஏறியதும் அறையின் வெப்பத்தை 15 முதல் 18 டிகிரிக்குக் குறைத்து, ஈரப்பதத்தை 80 முதல் 85 சதம் வரை வைத்து, நல்ல காற்றோட்டம் தர வேண்டும். குண்டூசித் தலைபோல் மொட்டுகள் தோன்றும். இம்முறையில் 100 கிலோ கம்போஸ்டுக்கு 10 முதல் 15 கிலோ வரை காளான் எதிர்பார்க்கலாம்.

பறிக்கும் பருவம்

குடை ஒன்றரை அங்குலம் அளவுக்கு வந்து, அடியிலுள்ள மெல்லிய திரை கிழியாமல் இருக்கும்போதே பறிக்க வேண்டும். இன்னும் ஒரு நாள் விட்டால் எடை கூடும் என்று காத்திருப்பது தவறு. குடை விரிந்த காளானுக்கு விலை குறைவு. விரைவில் கெடவும் செய்யும்.

காளானைப் பிடித்து இழுக்காமல், மெதுவாகத் திருகி எடுக்க வேண்டும். மண் ஒட்டிய அடித்தண்டை உடனே கத்தியால் வெட்டி நீக்க வேண்டும். ஒரு கூடையில் வெட்டாத காளானையும் வெட்டிய காளானையும் கலந்து போட்டால் எல்லாவற்றிலும் மண் ஒட்டிவிடும். பறிப்பதற்குச் சற்று முன்பு நீர் தெளிப்பதும் கூடாது. ஈரம் உலராத குடையில் பாக்டீரியா பெருகிப் பழுப்புப் புள்ளிகள் உண்டாகும்.

காளான் ஏன் விரைவில் கெடுகிறது?

காளானில் 90 சதம் நீர். தக்காளி, கத்தரிக்காய்க்கு உள்ளதுபோல் நீரைக் காக்கும் தடித்த தோல் இதற்கு இல்லை. பறித்த பின்னும் அது வேகமாகச் சுவாசித்து வெப்பத்தை வெளியிடுகிறது. விரல்பட்டு நசுங்கிய இடத்தில் நொதி வேலை செய்து பழுப்பு நிறம் ஏறுகிறது. எனவே குறைந்த கைபடுதல், உடனடிக் குளிர்ச்சி ஆகிய இரண்டுமே புதுமையைக் காக்கும் வழிகள்.

அதிகாலையில் பறித்து, ஆழமில்லாத தட்டுகளில் ஒரே அடுக்காகப் பரப்பி, கூடியவரை ஒரு மணி நேரத்துக்குள் 4 அல்லது 5 டிகிரி குளிர்ச்சிக்குக் கொண்டுவர வேண்டும். சமவெளியின் வெப்பத்தில் ஒரு நாள்கூடத் தாங்காத காளான், இக்குளிரில் ஒரு வாரம் வரை நன்றாக இருக்கும். குளிர்ந்த பின்பே பையில் அடைக்க வேண்டும். சூடு ஆறாமல் அடைத்தால் பைக்குள் வியர்த்து, காளான் கொழகொழப்பாகிவிடும்.

200 கிராம் பிடிக்கும் மெல்லிய பாலிதீன் பைகளில் சில ஊசித்துளைகள் அவசியம். காற்றுப் புகாமல் அடைப்பது ஆபத்து. பிராணவாயு இல்லாத நிலையில், மண்ணிலிருந்து ஒட்டிவரும் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியா கொடிய நச்சை உண்டாக்கக்கூடும். இதே காரணத்தால் மிஞ்சிய காளானை வீட்டுப் பாத்திரத்தில் வேகவைத்துப் புட்டியில் அடைத்து விற்கவும் கூடாது. அதற்கு அழுத்தக் கலனில் பதப்படுத்தும் வசதி வேண்டும்.

வெளுப்பு வேறு, புதுமை வேறு

பளிச்சென்ற வெள்ளை நிறத்துக்காக, பொட்டாசியம் மெட்டா பைசல்பைட் கரைத்த நீரில் காளானைக் கழுவும் வழக்கம் உண்டு. இதனால் நிறம் சில மணி நேரம் எடுப்பாகத் தெரியும். ஆனால் கழுவிய காளான் நீரை உறிஞ்சிக்கொண்டு, கழுவாததைவிட விரைவில் கெடும். கந்தகச் சேர்மங்கள் ஆஸ்துமா நோயாளிகளுக்குத் தீங்கு செய்பவை. அமெரிக்காவில் பச்சையாக உண்ணும் காய், பழங்களில் இவற்றைப் பயன்படுத்துவது 1986-லேயே தடை செய்யப்பட்டது. மேல்மண்ணைச் சுத்தமாக வைத்து, பறித்ததும் அடித்தண்டை வெட்டினால் கழுவ வேண்டிய தேவையே வராது.

மலையிலிருந்து சந்தைக்கு

உதகையில் குளிர வைத்த காளான் மேட்டுப்பாளையம் இறங்கியதும் வெப்பக் காற்றில் வியர்க்கத் தொடங்கும். கோவைச் சந்தைக்கு அனுப்புவோர் தெர்மோகோல் பெட்டியில், பனிக்கட்டிப் பொட்டலங்களைத் துணியில் சுற்றி ஓரத்தில் வைத்து, இரவிலேயே அனுப்புவது நல்லது. பனிக்கட்டி காளானை நேரடியாகத் தொடக்கூடாது. பெட்டியில் மேலும் மேலும் பைகளை அடுக்கி நசுக்கவும் கூடாது.

குளிர் வசதியில்லாத சமவெளி விவசாயிகள் மொட்டுக்காளானில் இறங்கிக் கடன்பட வேண்டாம். அவர்களுக்கு சிப்பிக்காளானும், 1998-ல் வெளியிடப்பட்ட ஏ.பி.கே.-2 என்னும் பால்காளானும் ஏற்றவை. பால்காளான் வெப்பத்தைத் தாங்கி வளர்வதுடன், பறித்த பின் சாதாரண அறையிலேயே மூன்று நாள் வரை கெடாமல் இருக்கும்.

கொட்டகை போடுமுன் ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. பறித்த 12 கிலோவில் 3 கிலோ பழுப்பேறினால், 25 கிலோ கம்போஸ்டின் உழைப்பு வீண். வித்து வாங்கும் முன்பே குளிர்ப்பெட்டிக்கும், காளானை எடுத்துக்கொள்ளும் வியாபாரிக்கும் ஏற்பாடு செய்துகொண்டவர்களே இத்தொழிலில் நிலைத்து நிற்கிறார்கள். பயிற்சிக்கு அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.